ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் ஞாயிற்றுக்கிழமைகள்

பஸ் நிலையத்தின் பின்வாசலுக்கு எதிரே ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவரும் வழிகாட்ட மாட்டார்கள். ‘இதோ வந்தாச்சு’ கடை எது என்று கேளுங்கள், சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஃபிரிட்ஜ் நின்றுபோய்த் தரையெல்லாம் தண்ணீர் ஓடுகிறது என்று யாராவது போனில் பதறினால், “இதோ வந்தாச்சு” என்பார் மனுஷர். அந்த நேரத்தில் அவர் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருப்பார், அல்லது ஊரின் மறுகோடியில் வேறொரு ஃபிரிட்ஜைத் திருப்பிப்போட்டு அதன் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார். பொய் சொல்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மனதளவில் அவர் அப்போதே வந்து சேர்ந்துவிட்டார், உடம்புதான் கொஞ்சம் தாமதமாக வரும். வந்துவிட்டால் வேலை சுத்தமாக இருக்கும் என்பதால் ஊரும் இத்தனை வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வியாதி இன்னும் முற்றும். அன்றைக்கு அவர் கடையைப் பூட்டிவிட்டு, கூட வருகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஊருக்கு வெளியே குன்று, காடு, ஏரிக்கரை என்று நடக்கப் போவார். போவதும் வருவதும் டவுன் பஸ்ஸில்தான். காரில் வருகிறேன் என்று சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார். இதற்கு அவரிடம் ஒரு நியாயம் உண்டு. “கார்ல போனா, கார விட்ட எடத்துக்கே திரும்பி வரணும். மாட்டக் கட்டிப்போட்ட மாதிரி. பஸ்ல போனா இந்தப் பக்கம் இறங்கி மலையத் தாண்டி அந்தப் பக்கம் ஏறிக்கலாம்ல?” என்பார். ஊரிலிருந்து கிளம்பும் பஸ் அத்தனையும் அவருக்கு அத்துப்படி என்று அவரே சொல்லிக்கொள்வார். கடைவாசலில் நின்றபடி பஸ்ஸின் சத்தத்தை வைத்தே இது எந்தத் தடத்து வண்டி என்று சொல்கிறவரை யார் மறுத்துப் பேசுவது?

வழி தவறாமல் இருக்கப் பாறைகளிலும் மரத்தடிகளிலும் வெள்ளைப் பொட்டு வைத்திருக்கிறார். ஃபிரிட்ஜ் கதவில் கீறல் விழுந்தால் பூசும் எனாமல் பெயின்ட் அது. மழை வந்தாலும் வெயில் வந்தாலும் அசைந்துகொடுக்காது. ஒரு குன்று முழுக்க நடந்தால் இரண்டு ஃபிரிட்ஜுக்கான பெயின்ட் செலவாகியிருப்பது தெரியும்.

நடக்கும்போது எப்போதும் முன்னால் அவர்தான். கழுத்தை நீட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாதையே தன் வீட்டு வராந்தா மாதிரி போய்க்கொண்டிருப்பார். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும் பல் டாக்டர், “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கத்துவார். திரும்பிப் பார்க்காமலே பதில் வரும்: “இதோ வந்தாச்சு!” அதற்கப்புறம் ஒரு குன்று ஏறி இறங்க வேண்டியிருக்கும். ‘உங்களுக்கு வலிக்கவே வலிக்காதுன்னு நான் சொல்றதெல்லாம் இவர்கிட்ட கத்துக்கிட்டதுதான்’ என்று டாக்டரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக் ஒரு கதை சொல்வார். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லாமல் விடவே மாட்டார். கல்யாணமான புதிதில் மனைவியை இப்படி நடக்கக் கூட்டிக்கொண்டு போனாராம். வழி நெடுக ‘இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு’ என்றே சொல்லிக் கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டாராம். செங்கல் ஏற்றிய லாரி ஒன்றைக் கையைக் காட்டி நிறுத்தி, முகமெல்லாம் சிவப்புப் பொடியோடு வீடு வந்து சேர்ந்தார்களாம். “அன்னிக்குப் போனவதான். அதுக்கப்புறம் எங்க வீட்டம்மா மலைப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கல” என்று முடிப்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

சிரிப்பாரே தவிர, அந்த வருத்தம் அவருக்கு உள்ளுக்குள் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிடுவார். அந்தப் பாறைக்குப் பின்னால் இன்றைக்கு ஒரு ஓடை புதிதாக ஓடுகிறது, ஒரு மரத்தில் இலையே தெரியாமல் பறவை உட்கார்ந்திருந்தது என்று கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்வார். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே “ம்” கொட்டுவாள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு அந்த ‘ம்’ மட்டும்தான் வீட்டில் அவருக்குக் கிடைக்கும் பதில். சொல்லிச் சொல்லி அவருக்கும் அலுத்துவிட்டது. சொல்வதற்குப் பதிலாக ஒரே ஒரு தடவை நேரில் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. அதை வாய்விட்டுக் கேட்கத்தான் தைரியமில்லை.

முழங்கால்தான் வழி திறந்துவிட்டது. மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மாத்திரை எடுத்துக் கொடுத்து, சீட்டைச் சரிபார்த்து, நாள் முழுக்க நின்றே இருந்ததில் முழங்கால் தேய்ந்து அறுவை சிகிச்சை வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், “ஹாலுக்குள்ளயே நடந்தா போதாது ஆன்ட்டி. மேடு பள்ளத்துலயும் நடந்து பழகணும். யாராச்சும் கூட்டிட்டுப் போக ஆள் இருக்காங்களா?” என்று கேட்டாள்.

கிட்சனில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக்குக்குப் புரையேறிவிட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி பேச்சை எடுத்தாள். “ஒரு தடவ வரேன். உங்க கூட்டமெல்லாம் வேணாம், நாம மட்டும் போவோம். ஆனா ஒண்ணு. இருட்டுறதுக்குள்ள பஸ்ல உக்காந்திருக்கணும்.”

“அதெல்லாம் உக்காந்துருவோம்.”

“உக்காரலேன்னா?”

“உக்காரலேன்னா நீ சொல்றதுதான்.”

“அப்ப இனிமே ஞாயித்துக்கிழமை நீங்க வீட்ல. பரண்ல கிடக்கிற சாமான்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.”

மெக்கானிக் ஒப்புக்கொண்டார். மகளிடம் போனில் சொன்னபோது அவள், “அப்பா, நீங்க தோத்தாச்சு. பரண்ல தூசி ஜாஸ்தி, மூக்குக்குத் துணி கட்டிக்குங்க” என்றாள்.

மனைவி வருவதென்றால் சும்மாவா? மெக்கானிக் தனக்குத் தெரிந்த வழிகளிலேயே சுலபமானதைத் தேர்ந்தெடுத்தார். பழைய கல் குவாரி நிறுத்தத்தில் இறங்கி, சின்னக் குன்றை ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே பிளந்த பாறை ஒன்று இருக்கிறது, அங்கே வலதுபக்கம் திரும்பி இறங்கினால் பள்ளிக்கூட நிறுத்தம். அங்கே கடைசி பஸ் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடும். அதையும் நம்பாமல், வாரநாளில் கடையை அடைத்துவிட்டு ஒத்திகை பார்க்கப் போனார். குளிர்பதனக் குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்சை முழங்காலில் வைத்து டேப்பால் இறுக்கக் கட்டிக்கொண்டு, காலை மடக்க முடியாமல் இழுத்து இழுத்து நடந்தார். குன்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பதறி ஓடிவந்தார்.

“ஐயா, காலுக்கு என்ன ஆச்சு?”

“எனக்கு ஒண்ணுமில்லங்க, என் மனைவிக்குத்தான்” என்றார் மெக்கானிக். ஆட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மனைவி புது ஷூ, கைத்தடி, தொப்பி என்று தயாராகிவிட்டாள். மெக்கானிக் ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சு, பிளாஸ்கில் டீ எல்லாவற்றையும் தானே எடுத்துவைத்து, பையையும் தானே தூக்கிக்கொண்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பஸ்ஸில் ஏறும்வரை. ஏறியதும் கால் தன்னால் அவரை முதல் சீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. எப்போதும் அங்கேதான் உட்காருவார், அங்கேயிருந்தால்தான் ரோடு முழுசாகத் தெரியும். கண்டக்டர் வந்து கையை நீட்டினார்.

“குவாரி ஸ்டாப், ஒண்ணு” என்றார் மெக்கானிக்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தார். நடு சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவி அவரைப் பார்த்துக்கொண்டே தன் கைப்பையைத் திறந்து தானே டிக்கெட் வாங்கிக்கொண்டாள். அவர் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரப் பார்த்தார். அதற்குள் காய்கறிக் கூடையோடு ஒருவர் அந்த இடத்தைப் பிடித்துவிட்டார். அசடு வழிய முன்சீட்டுக்கே திரும்பியவர், அந்தச் சங்கடத்தை மறைக்க டிரைவருக்கு எந்த வளைவில் பள்ளம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ரோட்டில் தினமும் வண்டி ஓட்டும் டிரைவர் அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பின்னால் மனைவி கண்டக்டரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. என்ன பேச்சு என்று அவர் கவனிக்கவில்லை.

குவாரி நிறுத்தத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். முதல் கொஞ்ச தூரம் மெக்கானிக் பக்கத்திலேயேதான் நடந்தார். சத்தியமாகத்தான். பிறகு பாதை குறுகியது, அவர் முன்னால் போனார். பிறகு பாதை அகலமானது, அவர் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார். கழுத்து நீண்டது, கைகள் பின்னால் கட்டிக்கொண்டன. “இங்க பாரு, இந்தப் பாறைதான் நான் சொன்னேன்ல” என்று முன்னால் இருந்த காற்றிடம் காட்டிக்கொண்டு போனார்.

“இன்னும் எவ்வளவு ஏறணும்?” என்ற குரல் எங்கோ கீழேயிருந்து கேட்டது.

“இதோ வந்தாச்சு!”

பதிலுக்குச் சத்தமே இல்லை. திரும்பினால் பாதை காலியாக இருந்தது. இறங்கி ஓடிவந்து பார்த்தால், மனைவி ஒரு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, நிதானமாக ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். பை அவரிடம் இருந்ததால் குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார், ஆரஞ்சை உரித்தார், காலைப் பிடித்துவிடவா என்று கேட்டார்.

“உக்காருங்க முதல்ல” என்றாள். உட்கார்ந்தார். ஒரு சுளையை அவர் கையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

“பஸ்ஸ விட்டதாலதான் நான் அப்புறம் வரலன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறீங்களாமே.”

“அது… சும்மா தமாஷுக்கு.”

“பஸ் போனதெல்லாம் எனக்குப் பெருசாவே தெரியல. லாரில வந்தது எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு. அதுலயாச்சும் பக்கத்துல உக்காந்து வந்தீங்க.” அவள் சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். “அன்னிக்குப் பூரா நான் மலையையும் பாக்கல, ஓடையையும் பாக்கல. உங்க முதுகத்தான் பாத்தேன். முதுகப் பாக்கிறதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? வீட்லயே பாத்துக்கலாமேன்னு நின்னுட்டேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் ‘இதை சாப்பாட்டுக்கு முன்னாடி, இதை சாப்பாட்டுக்கு அப்புறம்’ என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். அதனால்தான் மெக்கானிக்குக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமும் தானே தலைமை தாங்கிச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்த கதை, தொடக்கத்திலிருந்தே தப்பான கதை. கையிலிருந்த சுளையை எப்போது தின்றார் என்பதே அவருக்கு நினைவில்லை.

“சரி, நீ முன்னாடி போ. நான் பின்னாடி வரேன்” என்றார் கடைசியில். “நான் வாயே திறக்க மாட்டேன்.”

“பாக்கலாம்” என்று கைத்தடியை ஊன்றி எழுந்தாள் மனைவி.

அவள் தன்போக்கில் நடந்தாள், நின்றாள், பூவைப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். மெக்கானிக் பின்னால் வந்தார். பின்னால் நடந்து பழக்கமில்லாததால் காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை, இரண்டு தடவை அவள் கைத்தடியில் இடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் போனபிறகுதான் அவர் முன்னால் போகிறவளைப் பார்க்க ஆரம்பித்தார். தொப்பிக்குக் கீழே பிடரி முழுக்க நரைத்திருந்தது. இது எப்போது நரைத்தது? ஏறும்போது இடது தோள் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. இது எப்போதிலிருந்து? ஒரே வீட்டில் இருக்கிற மனுஷிதான். கூப்பிட்டால் திரும்புகிற தூரத்தில்தான் போகிறாள். இருந்தும் ஒருத்தரின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பது எவ்வளவு தனியாக இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிளந்த பாறை வந்தது. வலதுபக்கப் பாதையின் தொடக்கத்தில் அவர் வைத்த வெள்ளைப் பொட்டு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. மனைவி பாறையின் முன்னால் நின்றாள், இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு இடதுபக்கம் திரும்பி நடந்தாள்.

மெக்கானிக்கின் வாய் தானாகத் திறந்தது. கையால் அதைப் பொத்திக்கொண்டார்.

இடதுபக்கம் போனால் குன்றைச் சுற்றிக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குப் போகும். அங்கே ஒரு காலத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது, ரோடு அரித்துப்போய் அது நின்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. அங்கே போனால் இருட்டும்வரை நடந்தாலும் பஸ்ஸைப் பார்க்க முடியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை தப்பிக்கும், பரண் தப்பிக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன நிமிஷம் அவர் முன்னால் போயாக வேண்டும், அவள் மறுபடி பின்னால் வந்தாக வேண்டும். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லி ஒரு ஆரஞ்சு செரிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவர் வெள்ளைப் பொட்டை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, இடதுபக்கம் திரும்பி அவள் பின்னால் நடந்தார்.

நடக்க நடக்க நிழல் நீண்டது. மெக்கானிக் மனதுக்குள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக வழியனுப்பிவைத்தார். ஏரிக்கரை போச்சு. ஓடை போச்சு. பல் டாக்டரை இனிமேல் பல்வலி வந்தால்தான் பார்க்க முடியும். பரணில் என்னென்ன கிடக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் ஒரு விஷயம் அவருக்கே ஆச்சரியம். இந்தப் பாதையில் அவர் எத்தனையோ தடவை வந்திருக்கிறார், இவ்வளவு மெதுவாக வந்ததில்லை. மனைவி சட்டென்று நின்று கைத்தடியால் ஒரு புதரைக் காட்டினாள். உள்ளே ஒரு பறவைக் கூடும் அதில் வாயைப் பிளந்த குஞ்சுகளும் இருந்தன. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அவர் காட்ட ஆசைப்பட்டதை எல்லாம் அவள் காட்டிக்கொண்டு வந்தாள்.

தண்ணீர் தெரிய ஆரம்பித்த இடத்தில் அவள் திரும்பாமலே கேட்டாள். “இன்னும் எவ்வளவு தூரங்க?”

‘இதோ’ என்பது அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

“தெரியலம்மா” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. கடையில் ரிப்பேர் செய்யவே முடியாத ஃபிரிட்ஜைக்கூடத் தெரியவில்லை என்று அவர் சொன்னதில்லை. மனைவி நின்று, முழுசாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கைத்தடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“அந்த வெள்ளைப் பொட்டு எனக்குத் தெரியாதா? வாராவாரம் சிங்க்ல பெயின்ட் பிரஷ்ஷப் போட்டுட்டுப் போறீங்களே, அதக் கழுவுறது யாரு? பிளந்த பாறைகிட்ட வலதுபக்கம், வலதுபக்கம்னு வர்றவங்களுக்கெல்லாம் போன்ல கத்துறீங்களே, நான் என்ன செவிடா? எப்பத்தான் வாயத் திறப்பீங்கன்னு பாத்துக்கிட்டே வந்தேன்.”

“அடிப்பாவி! தெரிஞ்சுதான் திரும்புனியா? அப்ப பஸ்ஸு?”

“நீர்த்தேக்கத்துல புதுசாக் கட்டட வேலை நடக்குதாம். ரோடெல்லாம் போட்டாச்சாம். போன மாசத்துலேர்ந்து பஸ் வருதாம். காலைல கண்டக்டர் சொன்னாரு.”

“எனக்குத் தெரியாமயா?”

“நீங்கதான் டிரைவருக்கு ரோடு சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தீங்களே.”

ஊர் பஸ் அத்தனையும் அத்துப்படியாக வைத்திருந்த மனுஷர், தண்ணீருக்கு அந்தப் பக்கம் வளைந்து வந்துகொண்டிருந்த பஸ்ஸை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய் நிறுத்தலாம் என்று ஒரு கால் முன்னால் போனது. அதை அவரே இழுத்து நிறுத்திக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்தார். சரிவில் இரண்டு பேரும் ஆடி அசைந்து இறங்கி வந்தார்கள். சிமென்ட் ஒட்டிய பூட்ஸோடு வேலையாட்கள் ஏறி முடிக்கும்வரை பஸ் நின்றது. இருட்ட இன்னும் நேரமிருந்தது.

“இனிமே அந்த லாரிக் கதையெல்லாம் உங்க ஆளுங்ககிட்ட சொல்லக் கூடாது” என்றாள் மனைவி, படியில் கால் வைத்தபடி.

“அப்ப சாப்பிடுறப்ப அவங்களுக்கு எதச் சொல்றது?”

“நான்தான் இருப்பேனே. நானே சொல்லிக்கிறேன்.”

சந்தோஷத்தில் மெக்கானிக் பஸ்ஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஏறுங்கள், இல்லை இறங்குங்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் முதுகைத் தட்டிய பிறகுதான் ஏறினார். முன்சீட்டு காலியாகத்தான் இருந்தது. அவர் அதைத் தாண்டி உள்ளே போனார்.

காலையில் பார்த்த அதே கண்டக்டர்தான். மனைவியைப் பார்த்து, “சொன்ன மாதிரியே வந்துட்டீங்களேம்மா” என்று சிரித்துவிட்டு, மெக்கானிக்கிடம் கையை நீட்டினார்.

“பஸ் ஸ்டாண்ட், ரெண்டு!”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டார். கண்டக்டர் காதைத் தேய்த்துக்கொண்டு, “காலைல ஒண்ணுதானே கேட்டீங்க?” என்றார்.

“காலைல தப்பாக் கேட்டுட்டேன்” என்றார் மெக்கானிக்.

மனைவி ஜன்னல் பக்கம் நகர்ந்து, அவருக்கு இடம் விட்டாள்.